மலைகிட்டக் கடன் வாங்காதே, மாப்ளே

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. உக்கார முடியாதா? சரி, நில்லு. அந்த ஒட்டுன கால்சட்டையில உக்காந்தா எந்திரிக்கறது செரமந்தான். அத்தை மோரு கொண்டாருவா, உப்பு எச்சாப் போட்டுக் குடி.

ஆக, வெடியால கோயமுத்தூர்ல கெளம்பி மேட்டுப்பாளையம் வந்தாச்சு. இனி சைக்கிள்லயே குன்னூர், ஊட்டி ஏறி, எமரால்டு ஏரி, பைக்காரா ஏரின்னு ஒண்ணு விடாமச் சுத்தி, முதுமலைக் காட்டோரம் எட்டிப் பாத்துட்டு வரப் போறே. நல்ல காரியம். பஸ்ஸுல போனா காசு கம்மி, கார்ல போனா நேரம் கம்மி. ரெண்டும் வேண்டாம்னு காசையும் நேரத்தையும் எச்சாக் குடுத்துப் போற பொழப்பு படிச்சவனுக்குத்தான் வாய்க்கும். நாங்கெல்லாம் படிக்காததால லாரி ஏறிப் போனோம்.

உனக்குப் புத்தி சொல்ல இந்தக் கெழவனுக்கு என்ன யோக்கியதைன்னு மனசுக்குள்ள கேக்கறே, தெரியுது. ஊட்டியில தோண்டுன உருளைக்கெழங்கை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியே காலம் தள்ளுனவன் நான். இந்த மலை ரோட்டுல எந்த முக்குல எஞ்சின் மூச்சு வாங்கும், எந்த எறக்கத்துல பிரேக் கருகுன வாசம் மூக்குல ஏறும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். நீங்க ஏறுனா கழுத்துல பதக்கம் போடறாங்க. நாங்க இறக்குனதுக்குக் கூலி குடுத்தாங்க. எது மேலுன்னு நான் சொல்ல மாட்டேன், ரேசன் கடையில பதக்கத்துக்கு அரிசி போடறாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.

அது எத்தனை கிலோ? ஏழரையா! ஒத்தை வெரல்ல தூக்கிக் காட்டாதே, கீழ போட்டா அத்தை மேல பழி வரும். 6.8 கிலோவுக்குக் கீழ இருந்தா சர்வதேசப் போட்டியில ஓட்ட விடறதில்லையாம், உன்ற தம்பி சொன்னான். சைக்கிளுக்கு அப்பிடி ஒரு அளவு வெச்சவங்க ஏறி உக்கார்ற ஆளுக்கு வெக்கல, நீ தப்பிச்சே. தண்ணிப் போத்தல் வெக்கற கூண்டைக் கார்பன்ல மாத்தி நாப்பது கிராம் கொறைச்சேன்னு பெருமையாச் சொன்னியே, போன நோம்பிக்கு வந்தப்ப வேண்டாம் வேண்டாம்னுட்டே இலையில வாங்குன கடைசி ஒப்புட்டு அதுக்கு மேல இருக்கும். அதை இறக்கறதுக்கு எந்தக் கடையிலயும் பணம் வாங்க மாட்டாங்க மாப்ளே. அதனாலதான் ஆரும் இறக்கறதில்லை.

இப்ப வெளையாட்டை விட்டுட்டுக் கணக்குக்கு வரேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 325 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். நடுவால 1,900 மீட்டருக்கு மேல ஒசரம் கெடக்குது. ரோடு 50 கிலோமீட்டர் சொச்சம். இதுல கல்லாறு வரைக்கும் பெரிசா ஏத்தம் இல்லை. ரெண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, வெடியால குளுந்த காத்து, காலு தானாச் சுத்தும். உனக்கு முன்னால இன்னொரு சைக்கிள்காரன் போவான். அவனைத் தாண்டணும்னு ஒரு நமைச்சல் வரும். அங்கதான் நீ மோசம் போவே.

இந்த மலை கந்துவட்டிக்காரன் மாப்ளே. கல்லாறுல நீ கேக்காமயே வாரி வாரிக் குடுப்பான், கையெழுத்துக்கூடக் கேக்க மாட்டான். பர்லியாறு தாண்டுனதும் வாசல்ல வந்து நிப்பான். குன்னூர்ல சட்டையைப் புடிப்பான். எல்லநள்ளியில உன்ற ரெண்டு தொடையையும் ஜப்தி பண்ணிட்டுப் போயிருவான். அதனால மொதல் ஏத்தத்துலயே மூச்சு வாங்கற மாதிரி மிதிக்காதே. பக்கத்துல வர்றவங்கிட்ட ஊர்க்கதை பேச முடியணும். பேச முடியாமப் போச்சுன்னா கடன் ஏறுதுன்னு அர்த்தம். கூட ஆளே இல்லைன்னா உனக்கு நீயே பேசிக்க. பாக்கறவங்க ஏற்கெனவே உன்ற துணிமணியைப் பாத்து ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க, புதுசா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.

எத்தனை மெதுவாப் போறதுன்னு கேட்டியானா, ரயிலைப் பாத்துக் கத்துக்க. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவால தண்டவாளம் 12 அடிக்கு ஒரு அடி ஏறுது. வெறும் சக்கரம் வழுக்கும்னு நடுவுல பல்லு வெச்ச கம்பியைப் போட்டு, எஞ்சினுக்கு அடியில பல்சக்கரம் மாட்டி ஏத்தறாங்க. எஞ்சின் முன்னால நின்னு இழுக்காது, பின்னால நின்னு தள்ளும். 1899-ல குன்னூருக்கு விட்டாங்க, 1908-ல ஊட்டி வரைக்கும் நீட்டுனாங்க, 2005-ல யுனெஸ்கோகாரங்க உலகச் சொத்துன்னு பட்டியல்ல சேத்தாங்க. 46 கிலோமீட்டர் ஏற அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சங் கம்மியா ஆகும். இத்தனை மெதுவாப் போறதைப் பாக்க ஊரு ஒலகமெல்லாம் முன்கூட்டியே சீட்டுப் போட்டுட்டு வருது. நீ அதே வேகத்துல போனா மட்டும் அவமானமாங்காட்டி? அந்த எஞ்சினே பல்லைக் கடிச்சுட்டுத்தான் ஏறுது, மாப்ளே.

பல்லுன்னதும் ஞாவகம் வருது. உன்ற பின்சக்கரத்துல பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்லு? 28-ஆ? முன்னால சின்னதுல 34-ஆ? அதாவது நீ ஒரு மிதி சுத்துனா பின்சக்கரம் ஒண்ணேகால் சுத்துக் கிட்டத்தட்டப் போகுது. போட்டி ஓட்டறவனுக்கு அது சரி. உனக்கு முன்னால 34, பின்னால 34 வேணும். ஒரு மிதிக்கு ஒரு சுத்து, கணக்கு நேரு. கடைக்காரன்கிட்ட இதைக் கேக்க வெக்கப்பட்டுட்டு, முட்டி தேஞ்சு டாக்டர்கிட்டக் காட்டறவங்கதான் எச்சு. லாரிக்காரன் எவனாச்சும் மொதல் கியர் போட வெக்கப்பட்டுப் பாத்திருக்கியா?

கொண்டை ஊசி வளைவு இந்த ரோட்டுல 14 இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதி வெச்சிருக்காங்க. எண்ணிட்டே ஏறாதே, மனசு ஒடஞ்சு போகும். வளைவோட உள்பக்கம் எப்பவும் செங்குத்து, வெளிப்பக்கம் சித்தெ சாய்வு. எதுத்தாப்புல வண்டி வரலைன்னு நல்லாத் தெரிஞ்சா வெளிப்பக்கமா அகலமாச் சுத்து. வண்டி வந்தா ஓரத்துலயே செத்துப் பொழச்சுப் போ. மலை ரோட்டுல எறங்கற வண்டி ஏர்ற வண்டிக்கு வழி விடணுங்கறது சட்டம். ஆனா எறங்கி வர்ற பஸ்ஸு உன்னையும் ஒரு வண்டின்னு கணக்குல சேத்துக்கிட்டானான்னு மொதல்ல அவன் மூஞ்சியைப் பாத்துக்க. கோடைக் கூட்டத்துல குன்னூர் ரோட்டை ஏறவும் கோத்தகிரி ரோட்டை எறங்கவும்னு ஒருவழி ஆக்கிருவாங்க. அப்ப வந்தியானா எதுத்தாப்புல வண்டி வராது. ஆனா பின்னால வர்ற அத்தனை காரும் உன்ற முதுகைப் பாத்துட்டே வரும். எது சௌரியம்னு நீயே முடிவு பண்ணிக்க.

பர்லியாறுல நில்லு. வெயில் கால முடிவுல வந்தா மங்குஸ்தான் வெச்சு விப்பாங்க, வாங்கித் தின்னு. பழத்தை உருட்டி உருட்டி எத்தனை கலோரின்னு போன்ல பாக்காதே, குரங்குக்கு அத்தனை நேரம் போதும். உன்ற முதுகுப் பையில வெச்சிருக்கற அந்தப் பிசுபிசுப்புப் பாக்கெட்டை அது கடிச்சுப் பாத்துட்டுத் துப்புமான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதென்றா அது, ஜெல்லா? ஒண்ணு நூறு ரூவாய்க்கு மேலயா? உள்ள சக்கரையும் உப்புமா? அடப்பாவி, உன்ற அத்தை ரெண்டையும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கறா. கடலை முட்டாயி நாலு, கொஞ்சம் உப்பு போட்ட நெல்லிக்காய், வாழைப்பழம் ரெண்டு. பசிச்சு அப்பறம் திங்கறது மலையில ஆகாது. அரைமணிக்கு ஒருக்கா வாயில எதையாச்சும் போட்டுட்டே இரு. பசி தெரிஞ்சப்பறம் சாப்பிட்டா கடனுக்கு வட்டி கட்டுன கதைதான், அசலு அப்பிடியே நிக்கும்.

தண்ணிக்கு ஒரு சமாச்சாரம். மலையில பிளாஸ்டிக் போத்தல் தண்ணி விக்கக் கூடாதுன்னு தடை. அங்கங்க தண்ணி ஏடிஎம் வெச்சிருக்காங்க, காசு போட்டுப் புடிச்சுக்கலாம். சில்லறை எடுத்துட்டுப் போ. சைக்கிளுக்கு லட்சத்துல குடுத்துட்டு அஞ்சு ரூவா காசு இல்லாம நாக்கு வறண்டு நிக்கறது நம்ம பரம்பரைக்கு அழகில்லை.

குன்னூர் வந்ததும் கையைத் தூக்கிப் போட்டோ புடிப்பே. புடி. ஆனா குன்னூர் 1,850 மீட்டர்தான். அதுக்கு மேல ஊட்டிக்கு இன்னும் 400 மீட்டர் ஏத்தம் பாக்கி. கந்துவட்டிக்காரன் அருவங்காட்டுப் பக்கம் நின்னு, போட்டோ புடிச்சு முடிக்கட்டும்னு காத்துட்டிருப்பான்.

இனி நீ தேடி வந்த ஏரிக்கு வருவோம். இந்த மலையில ஏரின்னு நீ பாக்கப் போறது எதையும் சாமி வெட்டி வெக்கல, மனுசந்தான் கட்டி வெச்சான். ஊட்டி ஏரியைக் கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1820-கள்ல ஓடைகளை மறிச்சுக் கட்டுனது. பைக்காராத் தண்ணியைக் குழாயில அடைச்சு மலைக்குக் கீழ சிங்காராவுல இறக்கி 1932-ல கரண்டு எடுக்க ஆரம்பிச்சாங்க. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானியெல்லாம் குந்தா மின்திட்டத்து அணைங்க. சுதந்திரத்துக்கு அப்பறம் கனடாக்காரங்க ஒத்தாசை பண்ணிக் கட்டுனது. எமரால்டும் அவலாஞ்சியும் ஒட்டுக்கா இருக்கற ரெட்டை ஏரி, தண்ணி ஒண்ணுலிருந்து ஒண்ணுக்குப் போய் வரும். அங்க எறங்கற தண்ணி ஒவ்வொரு மின்நிலையமாப் புகுந்து புறப்பட்டுப் பில்லூர் அணைக்கு வருது. பில்லூர்ல இருந்து உன்ற கோயமுத்தூர் குழாய்க்கு வருது. மிச்சம் பவானியில இந்தா நம்ம ஊர் வழியாத்தான் போகுது. ஆக, எந்தத் தண்ணியைப் பாக்க நீ உசிரக் குடுத்து மேல ஏறப் போறியோ, அதுல ஒரு சொம்பை வெடியால வீட்லயே தலைக்கு ஊத்திட்டுத்தான் வந்திருக்கே. தண்ணி புத்தியோட எறங்கி வந்திருச்சு. நீ ஏறிப் போறே.

போகாதேன்னு சொல்லல. போ. ஆனா ஒண்ணு மட்டும் மண்டையில ஏத்திக்க. ஏரிங்கறது படத்துல நீலமாத் தெரியும், ரோடு ஓரமா வளைஞ்சு போகும், பாத்தா சமதரையாட்டத் தோணும். ஏரின்னாலே பள்ளம் மாப்ளே. பள்ளத்துலதான் தண்ணி நிக்கும். ஊட்டியிலிருந்து எமரால்டுக்கு 20 கிலோமீட்டர் சொச்சம், போகும்போது எறக்கம் எறக்கமா இனிக்கும். இத்தனை சொகமான ஊரான்னு பாட்டுக்கூடப் பாடுவே. ஏரிக்கரையில நின்னு டீ குடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கறப்பத்தான் நீ எங்கிருந்து எறங்குனேன்னு தெரியும். ஒவ்வொரு ஏரியும் ஒரு புதுக் கடன். அதனால தெம்பு பாதி இருக்கறப்பவே திரும்பு. அவலாஞ்சி உள்ளாற உன்ற சைக்கிள் போகாது, வனத்துறை வண்டியிலதான் கூட்டிட்டுப் போவாங்க. உக்காந்துட்டுப் போக ஒரு சாக்குக் கெடைச்சுதேன்னு சந்தோசப்படு.

மழைக்காலத்துல அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காதே. 2019 ஆகஸ்டுல அவலாஞ்சியில ஒரே நாளுல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. கோயமுத்தூருக்கு வருசம் பூராப் பெய்யறதே அத்தனை இல்லை. நீ சக்கரத்துக்கு மேல சொருகிருக்கற அந்தப் பிளாஸ்டிக் தகடு அதுக்கு ஆகாது. மார்கழி, தை நல்ல மாசம். ஆனா தலைக்குந்தாப் பக்கம் வெடியால புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படிஞ்சு கெடக்கும். வெரல் மரத்துப் போச்சுன்னா பிரேக் புடிக்கறது நீயா வேற ஆளான்னே தெரியாது. பொழுது நல்லா ஏறுனப்பறம் கெளம்பு.

எமரால்டு போற வழியில முத்தோரை வரும். அங்க எதுத்த மலைச்சரிவுல நெட்டுக்கு ஒரு கம்பிப் படல் நிக்கும். தோட்டத்துக்கு வேலி போட்டிருக்காங்கன்னு நெனைச்சுட்டுப் போயிராதே. அரைக் கிலோமீட்டருக்கு மேல நீளம், 530 மீட்டர். வானத்துலிருந்து வர்ற ரேடியோ அலையைப் புடிக்கற தொலைநோக்கி அது. கோவிந்த் ஸ்வரூப்னு ஒரு விஞ்ஞானி முன்னால நின்னு 1970-ல முடிச்சது. அதை எதுக்குச் சரிவுல கட்டுனாங்கன்னு அங்க வேலை பாத்த ஒருத்தர் எங்கிட்ட வெளக்குனார். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கால 11 டிகிரியில இருக்குதாம். சரிவும் அதே 11 டிகிரி இருந்தா தொலைநோக்கி பூமியோட அச்சுக்கு இணையா நிக்குமாம். அப்பறம் ஒரு பக்கமா மெதுவாத் திருப்பிட்டே இருந்தாப் போதும், ஒரே நட்சத்திரத்தை மணிக்கணக்காப் பாக்கலாமாம். அப்பிடி ஒரு சரிவு எங்க கெடைக்கும்னு தேடித் தேடி வந்து புடிச்ச எடம் மாப்ளே. அந்த 11 டிகிரி உன்ற கைப்பிடியில மாட்டிருக்கற பெட்டியில எத்தனைன்னு காட்டும் தெரியுமா? நூத்துக்கு இருவதுக்குக் கிட்ட. நீ வாய்க்கு வந்தபடி திட்டற ஏத்தத்தை ஒருத்தர் தவங்கெடந்து தேடிருக்கார். அதை நெனைச்சுட்டாச்சும் அடுத்த ஏத்தத்துல கெட்ட வார்த்தையைக் கொறைச்சுக்க.

பாலாடாப் பக்கம் பள்ளம் பூராக் காரட்டும் உருளையுந்தான். மண்ணு ஒட்டுன காரட்டை மிஷின்ல உருட்டிக் கழுவி மூட்டை புடிக்கறதைப் பாக்கலாம். கொட்டும்போது ஒரே சேறு. மறுபக்கம் வர்றப்ப ஒவ்வொண்ணும் பளபளன்னு செவந்து வரும். சொமை தூக்கறவங்க அந்த ஈர மூட்டையை முதுகுல ஏத்திட்டு, சறுக்கற மண்ணுல வெறும் ரப்பர் செருப்போட லாரிக்கு ஏறுவாங்க. உன்ற செருப்புக்கு அடியில இருக்கற பூட்டுக் கட்டையோட அங்க நாலடி நடந்து பாரு, மூட்டை இல்லாமயே விழுந்திருவே. மலை ஏர்றது வீரம்னு ஆரும் அவிங்களுக்குச் சொன்னதில்லை. நீயும் போய்ச் சொல்லாதே, கூலியைக் கொறைச்சாலும் கொறைச்சிருவாங்க.

காட்டுக்கு வரேன். பைக்காரா ரோட்டுல உசரமா நெட்டுக்குத்தலா நிக்கற மரங்களைப் பாத்துட்டு "ஆஹா, என்ன காடு"ன்னு படம் புடிச்சு அனுப்புவே. அது கற்பூர மரம், சீகை, பைனு. வெள்ளைக்காரன் காலத்துல வெளிநாட்டுலிருந்து கொண்டாந்து வெறகுக்கும் தோலு பதனிடவும் நட்டது. இந்த மலையோட சொந்தக் காடு மடிப்பு மடிப்புல பதுங்கிக் கெடக்கும், குட்டை மரம், இருட்டு, பாசி. சோலைன்னு பேரு. சுத்தியும் புல்வெளி. சோலையும் புல்லும் மழையைக் குடிச்சு வெச்சுட்டு வருசம் பூராக் கசிய விடறதாலதான் ஓடையில தண்ணி இருக்குது, அணையில கரண்டு இருக்குது, உன்ற குழாயில பில்லூர் இருக்குது. ரெண்டு மரத்துக்கும் வித்தியாசம் தெரியாம நீ எத்தனை கிலோமீட்டர் மிதிச்சாலும் அது சாலைதான், காடு இல்லை.

அப்பறம் மிருகம். காருக்கு எஞ்சின் சத்தம் இருக்குது, யானை காதுல விழும், அது ஒதுங்கும். உன்ற சைக்கிள் சத்தமே இல்லாம வளைவுல திரும்பும், காட்டெருமைக்கு முன்னால போய் நிக்கும். அதுவும் திடுக்குனு பாக்கும், நீயும் திடுக்குனு பாப்பே. ரெண்டு பேர்ல கொம்பு வெச்சது அதுதான். என்ற சைக்கிள்ல எட்டணா மணி ஒண்ணு இருக்குது பாரு. உன்றதுல ஏன் இல்லை? பாரம்னா? சரி, அப்ப வளைவுக்கு வளைவு சத்தமாத் தொண்டையைச் செருமு. கல்லாறு பர்லியாறுப் பக்கம் பலாப்பழ சீசன்ல யானை ரோட்டுக்கே வரும். எட்டத்துல பாத்தா நின்னுக்க, பக்கத்து லாரிக்குப் பின்னால ஒண்டிக்க. வெளக்கெண்ணெய் வீரமெல்லாம் வேண்டாம். கூட நின்னு செல்பி எடுக்க நெனைக்கறவன் மசையன். முதுமலைப் பக்கம் போனா செக்போஸ்ட்டுல கேட்டுக்க, விட்டாப் போ, விடாட்டி ஜீப்புல ஏத்திட்டுப் போ. உள்ளாற எங்கயும் நிக்காதே, எறங்காதே. பந்திப்பூர் வழி ராத்திரி 9 மணியிலிருந்து வெடியால 6 மணி வரைக்கும் அடைப்பு. அது யானையோட நேரம். பகல் பூரா உனக்கு வழி விட்டுட்டு அது காத்துட்டிருக்குது, பாவம்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியா ஊட்டிக்கு ஏறணும்னு ஆசைப்படறே. 2008-லிருந்து டூர் ஆஃப் நீலகிரிஸ்னு சைக்கிள்காரங்க கூட்டமா வர்றாங்களே, அவிங்க பேசறது பூராக் கல்லட்டிதான். 36 கொண்டை ஊசி. குன்னூர் ரோடு வட்டிக்காரன்னா இவன் அடியாளு. ஒவ்வொரு முக்குலயும் நம்பர் போட்ட பலகை நிக்கும், பாத்துக்க. அந்த வழியா வெளியூர் வண்டியை எறங்க விடறதில்லை, பிரேக் புடிக்காமப் பள்ளத்துல போய்க் கவுந்தது அத்தனை. எறங்கி வந்து பழகாத லாரியைவிட ஏறிப் பழகாத நீ எவ்வளவோ தேவலாம், நீ விழுந்தாலும் நின்ன எடத்துலயே விழுவே. செங்குத்துல உன்ற வேகம் மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர், நடக்கறவனை ஒட்டித்தான் வரும். முடியாட்டி எறங்கித் தள்ளு. தள்ளுனா வேகம் ஒண்ணும் பெரிசாக் கொறையாது. மானம் மட்டுந்தான் கொறையும், அதுக்கு எடை இல்லை.

இப்பக் கேளு, இதுதான் நான் சொல்ல வந்தது. ஏர்றதைச் சொல்லிக் குடுக்க ஊருல ஆயிரம் பேர் இருக்கான். எறங்கறதுக்கு லாரிக்காரன்கிட்டத்தான் வரணும். மலை ரோட்டுல எறங்கறப்ப ரெண்டாவது கியர்ல போகச் சொல்லிப் பலகை வெச்சிருப்பாங்க. ஏன்? எஞ்சினே வண்டியை இழுத்துப் புடிக்கும், பிரேக் சூடாகாது. உன்ற சைக்கிள்ல அந்த வசதி இல்லை. அத்தனை கியரும் ஏறத்தான், எறங்க ஒண்ணு இல்லை. மேல ஏர்றப்ப வாங்குன அத்தனை ஒசரத்தையும் ரெண்டு பிரேக் கட்டைதான் தின்னு செரிக்கணும். அதே ஒசரத்துலிருந்து தண்ணி எறங்குனா கரண்டாகுது, உருளை எறங்குனா காசாகுது. நீ எறங்குனா கட்டை தேயுது, அவ்வளவுதான்.

அதனால பிரேக்கை ஒரேயடியா அமுக்கிப் புடிச்சுட்டே வராதே. வளைவுக்கு முன்னாலயே ரெண்டையும் சேத்து நல்லா அழுத்தி வேகத்தைக் கொறை, வளைவுல விட்டுரு, காத்துப் பட்டு ஆறட்டும். சக்கர வெளிம்பைப் புடிக்கற பிரேக்கா இருந்தா வெளிம்பு கொதிச்சு ட்யூப்பே வெடிக்கும். கார்பன் வெளிம்பா இருந்தா இன்னும் மோசம். நடுவுல எங்கயாச்சும் நின்னு வெளிம்புக்குப் பக்கத்துல பொறங்கையைக் கொண்டு போய்ப் பாரு, அனல் அடிச்சா டீ குடிக்கற நேரம்னு வெச்சுக்க. தொடாதே, கொப்புளிச்சுக்கும். ரோட்டைப் பாக்காதே, ரோடு எங்க போகுதோ அந்தத் தாவுல பாரு. கண்ணு போற எடத்துக்குத்தான் சக்கரம் போகும். பள்ளத்தைப் பாத்தியானா பள்ளத்துக்குத்தான் போவே.

எறங்கறப்பக் குளிரு எலும்புல ஏறும். மேல ஏர்றப்ப வேர்வையில நனைஞ்ச துணி, எறக்கத்துல காத்து, கேக்கணுமா? டீக்கடையில தினத்தந்தி பழைய பேப்பர் ஒண்ணு கேட்டு வாங்கி, சட்டைக்குள்ள நெஞ்சுக்கு நேரா விரிச்சுச் சொருகிக்க. நான் சொன்னா நம்ப மாட்டே, பிரான்சு நாட்டுல பெரிய பந்தயம் ஓட்டறவங்களே மலை உச்சியில பேப்பரை வாங்கிச் சொருகிட்டுத்தான் எறங்குவாங்கன்னு உன்ற தம்பி போன்ல காட்டுனான். ஏழாயிரம் ரூவா கோட்டு செய்யற வேலையை முந்தாநாள் ராசிபலன் செய்யும்.

சரி, பொழுது ஏறுது, பொறப்படு. வந்தப்பறம் உன்ற பெட்டி எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஒசரம் காட்டுச்சுன்னு எங்கிட்டச் சொல்லாதே. பெட்டியை மட்டும் ஊட்டி பஸ்ஸுல கட்டி அனுப்பிருந்தாலும் அது அதைச் சொல்லும். நான் வேற கேப்பேன். எமரால்டுத் தண்ணி பாதிக்கு மேல நின்னுதா, கீழயா? பாலாடாவுல காரட் மூட்டை என்ன வெலை போச்சு? கல்லட்டியில எந்த நம்பர் முக்குல எறங்கித் தள்ளுனே, தள்ளறப்ப எதுத்தாப்புல என்ன தெரிஞ்சுது? தள்ளவே இல்லைன்னு மட்டும் சொல்லாதே, நம்ப மாட்டேன். இதுக்கெல்லாம் பதில் இருந்தா நீ மலைக்குப் போய்ட்டு வந்தவன். இல்லாட்டி, வீட்டுக்குள்ளயே உருளை மேல சைக்கிளை நிறுத்தி மிதிக்கற மிஷின் விக்குதாமே, அதை ஒண்ணு வாங்கிப் போட்டுக்க. வெலையும் கம்மி, குரங்குத் தொந்தரவும் இல்லை.